வாதம் விழுந்த கையை மூலையில் வைக்காதீர்கள்

(எமது சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய சுகாதாரக் கூட்டத்தில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்து ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமல் போன தோழர்களுக்காக முழுமையாக வெளியிடுகிறோம்.)



பிரஷர், சீனி பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். அதைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வாட்டில் வேலை செய்த காலத்திலும் கேட்டார்கள், இப்போது வீதியில் கண்டாலும் கேட்கிறார்கள். "மிஸ், வாதம் அடிச்சா மூளை செத்துப் போகுதாமே. செத்த மூளை திரும்ப வளருமா? அதுக்கு ஊசி இருக்காமே, உண்மையா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். வீட்டில் ஒருவர் விழுந்திருப்பார். ஒரு சங்கிலியோ ஒரு ஜோடித் தோடோ அடகுக் கடைக்குப் போகத் தயாராக இருக்கும். எங்கள் வீட்டிலும் அது நடந்தது. அதனால் முதலில் எங்கள் அம்மாவின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

எனக்கு அப்போது 16 வயது. ஒரு நாள் காலை பெரட்டுக்குப் போகக் கூடையை எடுத்த அம்மா, அப்படியே வாசல்படியில் சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. "பேய்க்காற்று பட்டிருக்கு" என்றார் ஒருவர். எண்ணெய் தேய்த்தார்கள், திருநீறு போட்டார்கள். மறுநாள்தான் தோட்ட லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

உயிர் தப்பி வீட்டுக்கு வந்தார். லயத்தில் காம்பராவின் மூலையில் ஒரு கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தோம். அவர் மேல் எங்களுக்கு அவ்வளவு பாசம். நான் சோறு ஊட்டினேன். அக்கா தலை சீவினார். அப்பா தூக்கி உட்கார வைத்தார். "நீ ஒண்ணும் செய்யாதே, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லிச் சொல்லி, எட்டு மாதம் அந்தக் கையை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. இடையில் ஒருவர் வந்து, செத்த நரம்பை உயிர்ப்பிக்கும் ஊசி இருக்கிறது என்றார். அம்மாவின் தோடு போனது. ஊசி போட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. அண்ணி வேலைக்குத் திரும்பியதும், பகலில் குழந்தையும் அம்மாவும் மட்டும் வீட்டில். ஒரு நாள் ஏணையில் கிடந்த குழந்தை வீரிட்டு அழுதது. ஏணைக் கயிறு அம்மாவின் வலது பக்கம். இடது கையில் பால் போத்தல். வேறு வழியில்லாமல், விழுந்த கையின் மணிக்கட்டில் கயிற்றை மாட்டி இழுத்திருக்கிறார். கொஞ்சம் அசைந்தது. அன்றிலிருந்து அவருக்கு அதுவே வேலை. ஒரு நாளைக்கு நூறு முறையா இருநூறு முறையா, எண்ணியவர் யாரும் இல்லை. மூன்று மாதத்தில் விரல்கள் கயிற்றைப் பிடிக்கத் தொடங்கின. ஒரு வருடத்தில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தார். பேத்தி வளர்ந்தபோது அவளுக்குத் தலை பின்னிவிட்டார்.

அந்தக் கை மறுபடி கொழுந்து கிள்ளவில்லை. அதையும் சொல்ல வேண்டும். முழுதாகச் சுகமானதென்று சொன்னால் அது பொய். ஆனால் செத்துப்போனதென்று நாங்கள் மூலையில் வைத்த கை தலை பின்னியது. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் நான் தாதி வேலைக்குப் போனேன் என்றும் சொல்லலாம்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

பாரிசவாதம் என்பது மூளைக்கு வரும் நோய். கைக்கும் காலுக்கும் வரும் நோயென்று பலர் நினைக்கிறார்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று அடைபடும், அல்லது வெடிக்கும். கூடுதலாக வருவது அடைப்புத்தான். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புக் கலங்கள் உண்டு. உடல் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆனால் நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். அதற்கென்று சேமிப்பு எதுவும் கிடையாது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டு வைத்தியம் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

செத்த கலத்துக்குப் பதிலாகப் புதுக் கலம் பிறக்குமா? சுமார் நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த பெரிய மூளை விஞ்ஞானி ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால். 1906இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த மனிதனின் மூளையில் எதுவும் சாகலாம், எதுவும் புதிதாகப் பிறக்காது என்பதுதான் அவருடைய முடிவு. உலகம் அதை நம்பியது. 1962இல் அமெரிக்காவில் ஜோசப் அல்ட்மன் என்பவர், வளர்ந்த எலியின் மூளையில் புதுக் கலங்கள் பிறப்பதைக் கண்டதாக எழுதினார். பலர் பொருட்படுத்தவில்லை. 1980களில் நியூயோர்க்கில் பெர்னாண்டோ நொட்டபோம், பாடும் கனேரிப் பறவைகளின் மூளையிலும் புதுக் கலங்கள் பிறப்பதைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனிதனில் எப்படிப் பார்ப்பது? உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாதே. சுவீடனில் புற்றுநோயாளர் சிலருக்கு, கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க ஓர் அடையாள மருந்து ஏற்றியிருந்தார்கள். புதிதாகப் பிறக்கும் கலத்தில் மட்டும் அந்த மருந்து ஒட்டும். அவர்களில் 5 பேர் இறந்த பிறகு பீட்டர் எரிக்சனும் பிரெட் கேஜும் அவர்களுடைய குழுவும் அந்த மூளைகளைப் பரிசோதித்தார்கள். ஞாபகசக்தியோடு தொடர்புள்ள ஹிப்போகெம்பஸ் என்ற இடத்தில் அடையாளம் பட்ட நரம்புக் கலங்கள் இருந்தன. 1998இல் அதை வெளியிட்டார்கள். சாகப்போகிற வயதானவர்களின் மூளையில்கூடப் புதுக் கலம் பிறந்திருந்தது.

2013இல் சுவீடனில் யொனாஸ் பிரிசெனின் குழு வேறு வழியில் கணக்குப் பார்த்தது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் ஒருவகைக் காபன் கூடியிருந்தது. அது எங்கள் உணவிலும் உடம்பிலும் சேர்ந்தது. ஒரு கலம் எந்த வருடத்தில் பிறந்ததென்று அதை வைத்துச் சொல்லலாம். மூளையின் ஒவ்வொரு பக்கத்து ஹிப்போகெம்பசிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதுக் கலங்கள் என்று கணக்கு வந்தது. 2018இல் இன்னொரு குழு, பெரியவர்களின் மூளையில் தேடிப் பார்த்தோம், காணவில்லை என்றது. அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

தேயிலை மலையை நினைத்துப் பாருங்கள்

சரி, வாதம் வந்தவருக்கு இது உதவுமா? 2002இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு வாதத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். மூளையின் ஆழத்தில் இருக்கும் மூலக் கலங்கள், அதாவது 'ஸ்டெம் செல்' என்கிறோமே, அவை விழித்துக்கொண்டன. புதுக் கலங்கள் பிறந்து, செத்த இடத்தை நோக்கி நகர்ந்து வந்தன. பெரிய அதிசயம்தான். ஆனால் மிச்சத்தையும் கேளுங்கள். வந்தவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சில கிழமைகளில் செத்துவிட்டன. செத்துப்போன நரம்புக் கலங்கள் ஆயிரத்துக்கு, புதிதாக நிலைத்தவை இரண்டளவுதான்.

இது உங்களுக்கு நன்றாக விளங்கும். மலையில் ஒரு தேயிலைச் செடி செத்தால் அந்த இடத்தில் புதுக் கன்று வைப்போம். சுற்றி முதிர்ந்த செடிகள். வெயில் படாது. பசளையைப் பழைய வேர்கள் எடுத்துக்கொள்ளும். பத்துக் கன்று வைத்தால் எத்தனை நிற்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். வாதம் அடித்த மூளையிலும் அப்படித்தான். வீக்கமும் புண்ணும் உள்ள இடத்தில் புதுக் கன்று பிழைப்பதில்லை. மனிதனில் அதுவும் சந்தேகம். வாதம் வந்து இறந்தவர்களின் மூளை மேற்பட்டையை அதே காபன் முறையில் 2014இல் பரிசோதித்தபோது, வாதத்துக்குப் பின் பிறந்த நரம்புக் கலம் எதையும் காண முடியவில்லை.

கன்று பிழைக்க மருந்து கொடுக்கலாமே என்று விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளுவொக்சற்றீன் என்ற மாத்திரை, எலிகளின் மூளையில் புதுக் கலங்களைக் கூட்டியது. 2011இல் பிரான்சில் செய்த ஒரு சிறிய ஆய்வும் நம்பிக்கை தந்தது. பிறகு பிரித்தானியாவில் வாதம் வந்த 3,127 பேரை வைத்துப் பெரிய ஆய்வு செய்தார்கள். பாதிப்பேருக்கு அந்த மாத்திரை, பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு. 2018இல் முடிவு வந்தது. மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தது. கையும் காலும் கூடுதலாக வேலை செய்யவில்லை. எலும்பு முறிவுதான் கூடியது. எலிக்கு நல்லதெல்லாம் மனிதனுக்கு நல்லதாக இருக்க வேண்டுமென்றில்லை.

ஆகவே ஊசி பற்றிய கேள்விக்கு என் பதில் இதுதான். மூளையில் புதுக் கலத்தை வளர்த்து, விழுந்த கையை எழுப்பும் ஊசியோ மாத்திரையோ எண்ணெயோ இன்று வழமையான வைத்தியத்தில் இல்லை. ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. அப்படி ஒன்று இருக்கிறது, காசைக் கொண்டு வா என்று யாராவது சொன்னால், அடகுக் கடைக்குப் போக முன் உங்கள் கிளினிக் டாக்டரிடம் கேளுங்கள்.

பிறகு எங்கள் அம்மாவின் கை எப்படி அசைந்தது? மறுபடி மலைக்குப் போவோம். செத்த செடி நின்ற வெற்றிடத்தைப் பக்கத்துச் செடிகள் என்ன செய்கின்றன? கிளையைப் பரப்பி மெதுவாக மூடுகின்றன. மூளையும் இதைச் செய்கிறது. செத்த கலங்கள் செத்ததுதான். ஆனால் பக்கத்தில் உயிரோடிருக்கும் கலங்கள் புதுக் கிளை விட்டு, புது இணைப்புப் போட்டு, செத்தவை செய்த வேலையில் ஒரு பகுதியைப் பழகிக்கொள்ளும். எந்தப் பக்கம் கிளை விடுவது? எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அந்தப் பக்கம். வேலை கொடுக்காத கையை மூளை மறந்துவிடும்.

அமெரிக்காவில் எட்வர்ட் டோப் என்பவர் இதைத்தான் சிகிச்சையாக்கினார். நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையால் வேலை செய்ய வைப்பது. வாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. இரண்டு கிழமை, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறை, தினமும் பல மணித்தியாலப் பயிற்சி. அவர்களுடைய கை மற்றவர்களின் கையை விட நன்றாக வேலை செய்தது. ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் இருந்தது. ஒரு விஷயம்: மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைபவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் பொருந்தாது. பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவுக்குப் பால் போத்தல்தான் உறை. எட்டு மாதம் பாசத்தால் நாங்கள் தடுத்ததை ஒரு குழந்தையின் அழுகை செய்ய வைத்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை

மீட்சி வேகமாக இருப்பது முதல் மூன்று மாதங்களில். அதன் பிறகும் வரும், மெதுவாக. எங்கள் வீட்டில் போன எட்டு மாதம் திரும்ப வராது. உங்கள் வீட்டில் அந்த மாதங்கள் போகக் கூடாது.

அவசரப்பட்டு முதல் நாளே இழுத்து நடக்க விடாதீர்கள். வாதம் வந்து 24 மணித்தியாலத்துக்குள் கடுமையாக எழுப்பிப் பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பலன் குறைந்ததென்று, ஐந்து நாடுகளில் 2,104 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் காட்டியது. எப்போது எழும்புவது என்பதை வாட்டில் சொல்வார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வர முன், "வீட்டில் என்ன பயிற்சி? எத்தனை தரம்? எப்போது பிசியோதெரபிக்கு வர வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டு இறங்கிவிடும், பிறகு வலியால் பயிற்சியே செய்ய மாட்டார். படுத்தே இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டுங்கள், படுக்கைப் புண் வராது. சாப்பாடு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள். உணர்ச்சி இல்லாத பக்கத்துக்குச் சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், வெந்தாலும் தெரியாது. எண்ணெய் தேய்ப்பது ஆறுதல் தரும். ஆனால் அடுத்தவர் தேய்த்துவிடும்போது அவருடைய மூளை வேலை செய்வதில்லை. அவரே அசைக்க முயலும்போதுதான் அது பழகுகிறது.

பயிற்சியென்றால் பெரிய இயந்திரம் தேவையில்லை. கோப்பையைப் பிடித்து வைப்பது, பட்டன் போடுவது, பயறு பொறுக்குவது, துணி மடிப்பது, கீரை ஆய்வது. அவர் முன்பு செய்த வேலைகளாக இருந்தால் நல்லது. கொஞ்ச நேரம் செய்து, இளைப்பாறி, மறுபடி செய்யட்டும். சோற்றைக் கீழே சிந்தினாலும் அவரே சாப்பிடட்டும். பேச்சு வராதவருக்குப் புத்தி இல்லையென்று நினைக்காதீர்கள். நாம் பேசுவது பலருக்கு விளங்கும், பதில் சொல்லத்தான் வராது. அவர் முன்னால் "இது இனித் தேறாது" என்று பேசாதீர்கள். வாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு மனச்சோர்வு வருகிறது. அழுதுகொண்டே இருந்தால், சாப்பிட மறுத்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனம் விட்டுப்போனவர் பயிற்சி செய்ய மாட்டார்.

முதல் மணித்தியாலம்

சாகாத கலம்தான் எல்லாவற்றிலும் நல்ல கலம். அதனால் அடையாளத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தொய்கிறதா? பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். அது இலவசம். அடைப்பைக் கரைக்கும் மருந்தை 4½ மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, அடைப்பா வெடிப்பா என்று பார்க்க வேண்டும். ஆகவே அந்த வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள், வெடிப்பென்றால் ஆபத்து. தண்ணீரோ கஷாயமோ வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். தானாகச் சரியாகிவிட்டாலும் போயே தீர வேண்டும். அது அடுத்து வரப்போகும் பெரிய வாதத்தின் எச்சரிக்கை.

பிரஷர்தான் முதல் காரணம். அது வலிக்காது. மலை ஏறி இறங்குகிறோம், எங்களுக்கு எப்படி வரும் என்று நினைக்காதீர்கள். கருவாடு, ஊறுகாய், ரொட்டி மாவில் கை நிறையப் போடும் உப்பு, வெற்றிலையோடு புகையிலை, பீடி, கசிப்பு, எல்லாம் சேர்ந்தால் ஏறும். மாத்திரை எடுத்துப் பிரஷர் இறங்கினால் அது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். "இறங்கிடுச்சு" என்று நிறுத்தினால் மறுபடி ஏறும். வாதம் ஒரு தடவை வந்தவர் ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது.

சங்கம் கேட்க வேண்டியவை

கடைசியாக, இதை ஏன் சங்கக் கூட்டத்தில் பேசுகிறேன்? வீட்டுக்காரர் மட்டும் செய்து முடிக்கக்கூடிய வேலை இல்லை இது. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில், வாதம் வந்த 1,250 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. குடும்பத்தவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே வீட்டில் சிகிச்சை செய்ய வைத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில், வழமையான கவனிப்புப் பெற்றவர்களை விட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பயிற்றப்பட்ட பிசியோதெரபிஸ்ட் செய்யும் வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்பதுதான் அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

எங்கள் ஆட்கள் பிசியோதெரபிக்கு ஒரு தடவை போய்விட்டு ஏன் நிறுத்துகிறார்கள்? சோம்பலால் இல்லை. நடக்க முடியாதவரை லயத்திலிருந்து வீதி வரை தூக்க வேண்டும். முச்சக்கர வண்டிக்குக் காசு வேண்டும். கூடப் போகும் மகளுக்கோ மருமகளுக்கோ அன்றைய பேர் இல்லை. கிளினிக் நாளில் பிரஷர் மாத்திரை எடுக்கப் போகாமல் பெரட்டுக்குப் போகிறவரும் அதே கணக்கைத்தான் பார்க்கிறார். ஒரு நாள் பேரை மிச்சம் பிடிக்கப் போய், கடைசியில் ஒரு கையையும் காலையும் இழக்கிறோம்.

ஆகவே தலைவர் அவர்களிடம், அடுத்த பேச்சுவார்த்தைக்கு எடுத்துப்போக ஐந்து விஷயங்களைக் கொடுக்கிறேன். மாதத்துக்கு ஒரு தடவை வேலை நேரத்தில், பெரட்டுக்களத்திலோ நிறுவை இடத்திலோ எல்லோருக்கும் பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும். கிளினிக் புத்தகத்தைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. இரவில் ஒருவர் விழுந்தால் அம்புலன்ஸ் வரக்கூடிய வீதிவரை கொண்டுபோக ஒரு வாகனமும் சாரதியும் இருக்க வேண்டும். தோட்டத்துக்குக் கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு கிழமையில் ஒரு நாளாவது பிசியோதெரபிஸ்ட் வரவேண்டுமென்று சுகாதார அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். வாதம் வந்தவர் இருக்கும் வீட்டுப் படியிலும் மலசலகூடத்திலும் பிடித்து எழும்ப ஒரு கைப்பிடி போட்டுக் கொடுக்க வேண்டும். கைப்பிடி ஒரு துண்டு இரும்புக் குழாய்தான். அது இல்லாததால் எத்தனையோ பேர் படுக்கையிலேயே கிடக்கிறார்கள்.

மாதர் சங்கத் தலைவிமார்களுக்கு ஒரு வேலை. நாளைக்கே உங்கள் உங்கள் லயத்தில் எண்ணிப் பாருங்கள். எந்தெந்தக் காம்பராவில் வாதம் வந்தவர் இருக்கிறார்? கடைசியாக எப்போது கிளினிக் போனார்? அவருடைய கைக்கு யாராவது வேலை கொடுக்கிறார்களா? அந்தப் பட்டியலைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை பேர் என்று கணக்கோடு கேட்டால், "எங்கள் தோட்டத்தில் அப்படி யாரும் இல்லை" என்று எவரும் சொல்ல முடியாது.

மூளையில் புதுக் கன்றை வளர்க்கும் மருந்து ஒரு நாள் வரலாம். சுவீடனிலும் மற்ற நாடுகளிலும் அதற்காக உழைக்கிறார்கள், வந்தால் எங்கள் மக்களுக்கும் கிடைக்க வேண்டுமென்று நாம் போராடுவோம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று வீட்டுக்குப் போனதும், மூலையில் படுத்திருக்கும் உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கீரைக் கட்டைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் ஆய்ந்து தாங்க" என்று கேளுங்கள். மெதுவாக ஆயட்டும். பொறுமையாக இருங்கள்.